பிபிலை வழியில் நெல்லி

மடுல்சீமைத் தேயிலை மலைகளை விட்டுப் பிபிலைப் பக்கம் இறங்கும் நேயர்கள், புல்வெளிச் சரிவுகளிலே கடுக்காய், தான்றியோடு நெல்லியையும் கண்டிருப்பீர்கள். கச்சான் காற்றுக் காலத்தில் அங்கே அடிக்கடி தீ மூளும். கருகிய நெல்லியோ அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர்க்கும்.

நெல்லியிலை என்று நாம் ஒடிப்பது இலையன்று. இருபுறமும் சிற்றிலைகள் நெருங்கிய மெல்லிய கிளையாகும். வறட்சி முற்றினால் மரம் அக்கிளையையே முழுதாக உதிர்த்து, உள்ள நீரைக் காத்துக்கொள்கிறது.

காயின் துவர்ப்புக்குக் காரணம் தனின் எனும் பொருள். புரதத்தைப் பற்றி இறுக்குவது அதன் இயல்பு. நம் நாவு சுருங்குவதும் அதனாலேயே. பற்றீரியாவின் புரதத்தையும் அது விடுவதில்லை. சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டபிலோகொக்கஸின் வளர்ச்சியை நெல்லிச்சாறு ஆய்வுகூடத் தட்டுகளில் தடுத்திருக்கிறது.

ஆயினும் தட்டு வேறு, குடல் வேறு. லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு வயிற்றோட்டம் கண்டபோது, பட்டைக் கஷாயத்தையே நம்பி மூன்று நாள் கழித்தார்கள். அப்பிள்ளை பாடசாலைக்குத் திரும்ப ஒரு மாதமாயிற்று. உயிரைக் குடிப்பது நீரிழப்பு. முதலில் ஜீவனி கரைத்துக் கொடுங்கள்; தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பட்டை உரிப்போருக்கும் ஒரு சொல்: தீக்குத் தப்பிய மரமும், சுற்றிவர உரித்தால் பட்டுப்போகும்.