‘மூவ் ஒன்’: யார் சொல்ல வேண்டிய சொல்?

ஆங்கிலத்தில் ‘மூவ்’ என்றால் நகர்தல். அதனோடு ‘ஒன்’ சேரும்போது பொருள் பல பக்கம் கிளைக்கிறது. இப்படி வினையும் சிறுசொல்லும் சேர்ந்து வேறு பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தில் ‘பிரேசல் வேர்ப்’ என்பார்கள். புலம்பெயர் நாடுகளில் வளரும் எமது பிள்ளைகளின் பேச்சிலும், போருக்குப் பிந்திய இலங்கை பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளிலும் ‘மூவ் ஒன்’ அடிக்கடி வருகிறது.

முதற்பொருள், நின்ற இடத்தை விட்டு அகலுதல். வீதியில் கூடி நிற்பவர்களிடம் பொலிஸார் ‘மூவ் ஒன்’ என்றால், ‘இங்கே நிற்காதீர்கள், கலைந்து போங்கள்’ என்று அர்த்தம். பொது இடத்திலிருந்து ஒருவரை அகற்றும் பொலிஸ் உத்தரவை அவுஸ்திரேலியாவில் இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள்.

இரண்டாவது, அடுத்த விடயத்துக்குப் போதல். கூட்டமொன்றில் ‘லெட்ஸ் மூவ் ஒன்’ என்று தலைவர் சொன்னால், இதைப்பற்றிப் பேசியது போதும் என்பதே கருத்து. சொல் பணிவானது; ஆனால் கதவு மூடப்பட்டுவிட்டது.

மூன்றாவது, ஒரு வேலையை விட்டு வேறு வேலைக்குப் போதல். ‘ஷீ ஹாஸ் மூவ்ட் ஒன்’ என்றால், அவர் இப்போது அங்கே இல்லை.

நான்காவது, இழப்புக்குப் பின் வாழ்க்கையைத் தொடருதல். இங்கேதான் கவனம் தேவை. ‘கெட் ஓவர்’ என்றால் அந்த வேதனையிலிருந்து மீளுதல். ‘மூவ் ஒன்’ என்பதில் வேதனை இருக்கலாம், வாழ்க்கை நகர்கிறது. ஆகவே அதை ‘மறந்துவிடு’ என்று தமிழாக்குவது சரியல்ல.

சொல்பவர் யார் என்பதும் முக்கியம். துயரப்பட்டவரே ‘ஐ ஹாவ் மூவ்ட் ஒன்’ என்றால், அது அவருடைய தீர்மானம். மற்றவர் அவரைப் பார்த்து ‘மூவ் ஒன்’ என்றால், சொல் பொலிஸ்காரரின் பொருளை நோக்கிச் சரிந்துவிடுகிறது: ‘இங்கே நிற்காதே.’

இதன் இலக்கணத்திலும் ஒரு செய்தி உண்டு. போகும் இடத்தைச் சொல்ல ‘மூவ் ஒன் டு’; விட்டுப்போவதைச் சொல்ல ‘மூவ் ஒன் ஃப்ரொம்’. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளை இருக்கிறதா, இல்லையா என்றே தெரியாத தாய் அந்த ‘ஃப்ரொம்’ என்பதற்குப் பின்னால் எதை வைப்பார்? முடிவு தெரியாத இத்தகைய இழப்பை அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இதற்கு முற்றுப்புள்ளி வைக்கும்படி உறவுகளை நெருக்கக் கூடாது என்பதே அவருடைய நிலைப்பாடு.

அடுத்த முறை யாராவது உங்களிடம் ‘மூவ் ஒன்’ என்றால், ஆங்கிலத்திலேயே பணிவாகப் பதில் சொல்லலாம்: ‘வீ ஆர் ஸ்டில் வெயிற்றிங் ஃபோர் அன் ஆன்ஸர்.’ நாங்கள் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.