ஓட்டிப் பார்த்தால்தான் லூப் புரியும்

புரோகிராமிங் வகுப்பில் ‘இஃப்’, ‘வைல்’ இரண்டையும் விளக்க அரை மணி நேரம் போதும். நிபந்தனை சரியாக இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்பது இஃப். நிபந்தனை சரியாக இருக்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய் என்பது வைல் லூப். கேட்கும்போது எல்லோருக்கும் புரிகிறது. தானாக எழுத உட்கார்ந்தால் பலருக்குக் கை ஓடுவதில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய பாடமும் இல்லை இது. கட்டளைகளை வரிசையாகச் செய்வது, நிபந்தனைப்படி கிளை பிரிவது, திரும்பச் செய்வது ஆகிய மூன்றும் இருந்தால் கம்ப்யூட்டரால் முடிந்த எந்தக் கணக்கையும் எழுதிவிடலாம் என்று கொராடோ போம், ஜுஸெப்பே யாகோப்பினி என்ற இத்தாலியர்கள் 1966-லேயே நிறுவிவிட்டார்கள். புதிதாகக் கற்பவர் நிறைய நிரல் எழுதிக் குவிப்பதற்கு முன், எழுதியதைத் தாளும் பேனாவுமாக வரிவரியாகத் தானே ஓட்டிப் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் கட்சி.

அந்தப் பழக்கம் எதைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் 2006-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 30 ஜிபி ‘ஸூன்’ மியூசிக் பிளேயர் நல்ல உதாரணம். 2008 டிசம்பர் 31 அன்று அந்த மாடல் கருவிகள் கூட்டமாக உறைந்து நின்றன. காரணம், தேதி கணக்கிடும் ஒரு சிறு லூப். 1980 ஜனவரி 1-லிருந்து எத்தனையாவது நாள் என்ற எண்ணை வைத்து ஆண்டைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. நாள் 365-க்கு மேல் இருக்கும்வரை லூப் சுற்றும். உள்ளே ஒரு கேள்வி: இது லீப் வருடமா? இல்லையென்றால் 365-ஐக் கழித்து, ஆண்டில் ஒன்றைக் கூட்டு. ஆம் என்றால், நாள் 366-க்கு மேல் இருந்தால் மட்டும் 366-ஐக் கழித்து, ஆண்டில் ஒன்றைக் கூட்டு. படித்துப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. இனி ஒரு தாளில் ‘நாள்’, ‘ஆண்டு’ என்று இரண்டு தலைப்புப் போட்டு ஓட்டுவோம். அன்றைய எண் 10,593. 28 ஆண்டுகளைக் கழித்ததும் ஆண்டு 2008, நாள் 366. 365-ஐவிடப் பெரியது, உள்ளே நுழைகிறோம். 2008 லீப் வருடம்தான். நாள் 366-க்கு மேலா? இல்லை. எதுவும் கழியவில்லை, எதுவும் கூடவில்லை. லூப்பின் தொடக்கத்துக்குத் திரும்பினால் அதே 366. மறுநாள் எண் ஒன்று கூடியதும் கணக்கு தானாகச் சரியாகிவிடும் என்பதால், பேட்டரி தீரும்வரை விட்டுவிட்டு மறுநாள் ஆன் செய்யும்படி நிறுவனம் சொன்னது. கருவி வெளிவந்த பிறகு வந்த முதல் லீப் வருடம் அதுதான். அதுவரை தவறு வெளியே தெரிய வாய்ப்பே இல்லை.

தொழில்முறை ஆட்களே சறுக்கிய இடத்தில் கற்றுக்குட்டிக்குத் தாள் எப்படிக் கைகொடுக்கும் என்று கேட்கலாம். சறுக்கியதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. 366 என்ற அந்த ஒரு எண்ணை யாரும் கடைசிவரை ஓட்டிப் பார்க்காததுதான். 2004-ல் ரேமண்ட் லிஸ்டரும் கூட்டாளிகளும் ஏழு நாட்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. சிறு நிரலைப் படித்து விடை சொல்வதிலேயே பலர் தடுமாறினார்கள்; மதிப்புகள் மாறுவதைத் தாளில் கவனமாகக் குறித்துக்கொண்டே போனவர்கள் பெரும்பாலும் சரியான விடைக்கு வந்தார்கள்.

இன்றைக்கு வலுவான எதிர்வாதம் வேறு: ஏஐ நொடியில் நிரல் எழுதித் தரும்போது இந்த மெனக்கெடல் எதற்கு? மேற்சொன்ன லூப்பையே எடுத்துக்கொள்வோம். ‘366-க்கு மேல்’ என்பதை ‘366 அல்லது அதற்கு மேல்’ என்று மாற்றினால் போதும் என்று யாருக்கும் தோன்றும். மாற்றினால் கருவி உறையாது. ஆனால் 366-லிருந்து 366 கழிந்து, தேதி 2009-ஆம் ஆண்டின் பூஜ்யமாவது நாள் ஆகிவிடும். லீப் வருடத்தில் நாள் சரியாக 366 என்றால் லூப்பை விட்டு வெளியேறு என்பதே சரியான தீர்வு. இரண்டில் எது சரி என்று பார்த்ததும் சொல்லிவிட முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். திருத்தத்தைத் தந்தது மனிதரா இயந்திரமா என்பதால் இது மாறிவிடாது.

நேரம் பிடிக்குமே என்பது நியாயமான குறைதான். ஆயிரம் சுற்றையும் எழுத வேண்டியதில்லை. நிபந்தனையில் உள்ள எண், அதற்கு ஒன்று குறைவு, ஒன்று கூடுதல், லூப் ஒருமுறைகூடச் சுற்றாத நிலை என்று நான்கை ஓட்டினால் தொடக்கநிலைத் தவறுகளில் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும். அதோடு ஒவ்வொரு சுற்றிலும் நிபந்தனையைப் பொய்யாக்கும் பக்கம் ஏதாவது நகர்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படி எதுவும் நகராத வழி ஒன்று உள்ளே இருந்தால், அந்த வழியில் போகும் லூப் நிற்காது.