உஷார்! ஒரே ரிசீவரில் வீடு முழுக்கப் பாட்டா?

புது வீட்டுக்கு ஒயரிங் நடக்கிறதா? "ஹால்ல இருக்கிற ஹோம் தியேட்டர்லயே கிச்சனுக்கும் மாடிக்கும் ஒரு லைன் இழுத்துடலாம் சார்" என்று எலெக்ட்ரீஷியன் சொல்கிறாரா? உடனே தலையாட்டிவிடாதீர்கள்! இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவசர அவசரமாக வேலை நடந்தது. ஹால் ஸ்பீக்கர்கள் மாட்டியிருந்த அதே டெர்மினலில் சமையலறை ஜோடியையும் மொட்டை மாடி ஜோடியையும் சேர்த்து முறுக்கிவிட்டார்கள். காலையில் சுப்ரபாதம், மெல்லிய சத்தத்தில், அழகாகப் பாடியது. எல்லோருக்கும் சந்தோஷம். ராத்திரி மாடியில் பந்தி. யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். 'டக்' என்று ரிசீவர் நின்றது. சிவப்பு விளக்கு மினுங்கியது. வீட்டுப் பையன் மறுபடி ஆன் செய்தான். நின்றது. மறுபடி ஆன் செய்தான். கொஞ்ச நேரத்தில் டிவி யூனிட்டுக்குள்ளிருந்து கருகல் நாற்றம்! கண்ணாடிக் கதவைத் திறந்தால் அனல் அடிக்கிறது. நல்லவேளை, ஆட்கள் இருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கினார்கள். ரிசீவர் போனது போனதுதான். தப்பான இணைப்பு என்பதால் வாரண்டியும் கை கொடுக்கவில்லை.

எலெக்ட்ரீஷியனைத் திட்டவும் மனம் வரவில்லை. கல்யாண மண்டபத்தில் ஒரே ஆம்ப்ளிஃபயரில் பத்து, இருபது ஸ்பீக்கர் பாடுவதைப் பார்த்தவர் அவர். ஆனால் அது 100 வோல்ட் லைன். அங்கே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வீட்டு ஸ்பீக்கரில் அது கிடையாது. மண்டபக் கணக்கு வீட்டுக்கு ஆகாது!

வீட்டுக் கணக்கு இதுதான். ஸ்பீக்கரின் பின்பக்கம் 8 ஓம், 6 ஓம் என்று போட்டிருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே டெர்மினலில் சேர்த்து முறுக்கினால் 16 ஆகாது. 4 ஆகிவிடும். மூன்று சேர்ந்தால் சுமார் 2.7. நான்கு என்றால் 2. ஓம் குறையக் குறைய ரிசீவர் தள்ள வேண்டிய கரண்ட் ஏறிக்கொண்டே போகும். எத்தனை ஓம் வரை தாங்கும் என்பது ரிசீவரின் பின்பக்கத்திலோ கையேட்டிலோ இருக்கும். அதற்குக் கீழே போனால் சூடு, சூடு, சூடு! மெல்லிய சத்தத்தில் எதுவுமே தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

சத்தம் கூட்டும்போது ரிசீவர் தானாக நிற்கிறதா? மேல் தகட்டில் உள்ளங்கையை வைக்க முடியவில்லையா? ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிறதா? லேசாகக் கருகல் வாசமா? இதில் ஒன்று இருந்தாலும் மறுபடி ஆன் செய்யவே செய்யாதீர்கள். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நிற்கிறது. கட்டாயப்படுத்தினால் செத்துவிடும்.

அப்படியானால் வேறு அறையில் பாட்டே கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். பல 7 சேனல் ரிசீவர்களில் 'சோன் 2' என்று தனி டெர்மினல் உண்டு. அதில் ஒரே ஒரு ஜோடி மாட்டுங்கள். ஹாலில் பின்பக்கச் சேனல் இரண்டு குறையலாம், பரவாயில்லை. அதற்கு மேல் அறைகள் வேண்டுமென்றால் தனி ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள். இன்னொரு விஷயம்: ஹாலை ரிமோட்டில் அணைத்தாலும் பல மாடல்களில் சோன் 2 அணையாது! மூடிய ஷோகேஸுக்குள் விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கும். படுக்கப்போகும் முன் அதையும் அணைத்தீர்களா என்று பாருங்கள்.

படம் வேறு தலைவலி. சோன் 2 என்றாலே படுக்கையறை டிவிக்கும் படம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பல மாடல்களில் பாட்டு மட்டும்தான் போகும். படம் போகிற மாடலாகவே இருந்தாலும், சுவருக்குள் 20 மீட்டர் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளைப் புதைத்து 4கே படத்தை எதிர்பார்க்காதீர்கள். திரை கறுத்துக் கறுத்து வரும். ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிளாகப் போடுங்கள், கழற்றி மாற்ற வசதியாக அகலமான பைப்பில். பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைப்பது யார்?

இது எல்லாவற்றையும் விட முக்கியம். ஸ்பீக்கர் ஒயரை 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்த்து இழுக்க விடவே விடாதீர்கள்! உள்ளே உறை கிழிந்தால் ஸ்பீக்கர் முனையைத் தொடும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும். தனிப் பைப்தான். பேரமே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ரிசீவரா? பின்னால் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் பிளக்கில் நேராகச் செருகாதீர்கள், அந்த நிமிஷமே போய்விடும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு ரிசீவரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே டெர்மினலில் இரண்டு, மூன்று ஸ்பீக்கர் ஒயர் சேர்த்து முறுக்கியிருந்தால், விவரம் தெரிந்த ஆள் வந்து பிரித்துக் கொடுக்கும் வரை அந்தப் பிளக்கைத் திரும்பச் செருகாதீர்கள்.