உங்கள் பல் மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் கேட்பது ஏன்?

பல் சிகிச்சைக்கு வருவோரும் உடன் வரும் உறவினரும் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. இளம் பல் மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிறார்; சற்றுத் தயங்குகிறார்; கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை வேறொரு மருத்துவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். "இவருக்கே தெரியவில்லை போலும், நாம் மதுரைக்கே போய்விடலாமா?" என்று வெளியே அமர்ந்திருக்கும் உறவினர் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். இந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் அந்தத் தயக்கத்தின் பின்னால் நிகழ்வது என்ன என்பதை அறிந்தால், அச்சத்தின் பெரும்பகுதி நீங்கும்.

பல் மருத்துவப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. இவ்வைந்து ஆண்டுகளிலும் மாணவர் தனித்திருப்பதில்லை. சொத்தையை அகற்றும் ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் வந்து பார்த்து, சரி என்று கையொப்பமிட்ட பிறகே அடுத்த படிக்குச் செல்ல இயலும். பட்டம் பெற்று மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த மறுநாளே நிலைமை தலைகீழாகிறது. பொது மருத்துவம் பயின்றவருக்குப் பெரும்பாலும் ஒரு மருத்துவமனையும், வார்டும், மூத்தவர்களும் வாய்க்கின்றனர். பல் மருத்துவருக்கோ பல நேரங்களில் ஒரே நாற்காலி கொண்ட ஒரு சிறு கிளினிக்தான் உலகம். போடிநாயக்கனூர்ச் சுற்று வட்டாரத்துச் சிற்றூர்களில் பணி தொடங்கும் இளைஞருக்கு, கதவைத் தட்டி "இதைச் சற்றுப் பாருங்கள் சார்" என்று அழைப்பதற்குப் பக்கத்து அறையில் எவரும் இலர்.

பல் மருத்துவத்திலும் வேர்ச்சிகிச்சை, ஈறு, தாடை அறுவை, குழந்தைப் பற்கள், பல்சீரமைப்பு, செயற்கைப் பல், வாய்நோய் ஆய்வு எனத் தனித்தனி மேற்படிப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் மூன்றாண்டுக் கல்வி. அனைத்தையும் ஒருவரே கரை கண்டிருக்க இயலாது. மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள். ஆனால் வேருக்குள் ஓடும் நுண்கால்வாய்களோ பலருக்கு நான்கு. அந்த நான்காவது, முடியிழை போன்று ஒளிந்திருக்கும். எக்ஸ்ரேயிலும் எளிதில் புலப்படாது. அதைத் தவறவிட்டு மூடிவிட்டால் சில மாதங்களில் வலி திரும்பும். மூத்தவர் ஒருவர் படத்தைப் பார்த்து, "இன்னும் சற்று உட்புறமாகத் தேடுங்கள்" என்று சொல்லும் ஒரு வரி ஒரு பல்லைக் காப்பாற்றும்.

பல்லை விடப் பெரியது பணயமாகும் சூழ்நிலைகளும் உண்டு. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்ட ஒரு மூதாட்டி, ஆடும் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் உறையாதிருக்க அவர் நாள்தோறும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்கிறார். மாத்திரையுடன் பல்லைப் பிடுங்கினால் இரத்தம் நிற்கத் தாமதமாகலாம். மாத்திரையை நிறுத்தினால் வால்வில் இரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் நேரக்கூடும். இவ்விரண்டில் இரண்டாவதே கொடியது. ஆகவே இங்கு இளம் மருத்துவர் தாமாக முடிவெடுக்காமல் இதய மருத்துவரையும் தாடை அறுவை மருத்துவரையும் கேட்பதே முறை. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையின் அளவு 4-க்குக் கீழ் இருப்பின், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கலாம். தையலிட்டு, பஞ்சுத்துணி அழுத்தி, இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தலாம் என்பது இன்றைய நடைமுறை. அத்துடன் வால்வில் கிருமி தொற்றாதிருக்கச் சிகிச்சைக்கு முன்னரே ஒரு வேளை எதிர்நுண்ணுயிர் மருந்து தரப்படும். "பல் பிடுங்கப் போகிறோம்" என்று வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு வருவோரை நாம் காண்கிறோம். தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள்.

எலும்புத் தேய்மானத்திற்காக ஆண்டுக்கொரு முறை ஊசி போட்டுக்கொள்வோர் அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகின்றனர். ஆண்டுக்கொரு முறைதானே, மாத்திரை அல்லவே என்ற எண்ணம். அவ்வகை மருந்துகள் சிலவற்றால் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் நிலை அரிதாக ஏற்படும். இதுவும் மூத்தவரைக் கேட்ட பின்னரே தொட வேண்டிய இடம்.

இனி நம் வட்டாரத்திற்கே உரிய செய்தி. விடியற்காலையில் ஜீப்புகளில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் பலருக்கு, குளிருக்கும் களைப்பிற்கும் துணையாக வெற்றிலை, பாக்கு, புகையிலை அடக்கும் வழக்கம் உண்டு. பாக்கு இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்று நம்புவோர் ஏராளம். உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை கலவாத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியுள்ளது. பாக்கினால் கன்னத்தின் உட்சவ்வு வெளிறி, நார் போல் இறுகும். முதலில் காரம் பட்டால் எரியும். பின்னர் வாய் திறப்பது குறுகும். தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க இயலாதவர் மருத்துவரைக் காண்பது நல்லது. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம் ஆகியவையும் அவ்வாறே. (ஏலக்காய் மெல்வதால் வாய் மணக்கும் என்பது உண்மை, அடியில் உள்ள ஈறு நோயோ புண்ணோ அதனால் அகலாது.)

இத்தகைய படலத்தை முதன்முதலாகக் காண்பவர் பெரும்பாலும் சிறுநகரத்துப் பல் மருத்துவரே. அது சாதாரண உராய்வுத் தழும்பா, புற்றின் தொடக்கமா என்று பிரித்தறிவது புதியவருக்குக் கடினம். தேவையின்றி அச்சுறுத்தவும் கூடாது; "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடவும் கூடாது. இங்குதான் இணையவழி வழிகாட்டுதல் உயிர் காக்கும் கருவியாகிறது. கர்நாடகத்தில் களப்பணியாளர்கள் கைப்பேசியால் வாயைப் படமெடுத்து அனுப்ப, தொலைவிலிருந்த வல்லுநர்கள் பார்த்துக் கருத்துரைக்கும் திட்டம் நடத்தப்பட்டது. நொய்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய்த் தடுப்பு மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், வாய்ப்புற்றுநோயைக் கண்டறிய இணையவழியிலேயே பல் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்துள்ளது. தொடக்கத்திலேயே காண்பதால் பயன் உண்டா என்போருக்குத் திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய பேராய்வு விடை தந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று விளக்கொளியில் வாயைப் பார்த்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

நோயாளி பயணம் செய்வதற்கு மாறாக அறிவு பயணம் செய்யட்டும் என்னும் இக்கருத்தை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2003-இல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா ஒரு திட்டமாகவே வகுத்தார். அதன் பெயர் எக்கோ. அங்கு ஹெபடைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்கு வல்லுநரைக் காண நோயாளிகள் நெடுந்தொலைவு வரவேண்டியிருந்தது. சிற்றூர் மருத்துவர்கள் வாரந்தோறும் காணொளியில் கூடித் தம் நோயாளிகளின் நிலையை விளக்கினர்; பல்கலைக்கழக வல்லுநர்கள் வழிகாட்டினர். 2011-இல் வெளியிடப்பட்ட ஒப்பீட்டில், சிற்றூரில் சிகிச்சை பெற்றோரும் பல்கலைக்கழக மருத்துவமனையில் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது நூற்றுக்கு 58 பேர் என்ற அளவில் குணமடைந்தது தெரிந்தது. நம் அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவையிலும், ஆரம்ப நிலையத்தில் உள்ளோர் மேல்நிலை மருத்துவரைக் கலந்து கேட்கும் பிரிவு உண்டு.

இது புதுப் பழக்கமும் அன்று. 1920-இல் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவிய மருத்துவர் ரபியுத்தீன் அகமது, 1925-இல் பல் மருத்துவர்களுக்கென ஓர் இதழையும் தொடங்கினார். கல்லூரியை விட்டு வெளியேறியவரும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தேவை அன்றே உணரப்பட்டிருந்தது. இன்று இந்தியப் பல் மருத்துவச் சங்கக் கிளைகளின் கூட்டங்கள், தொடர்கல்வி வகுப்புகள், ஒரே கல்லூரியில் பயின்றோரின் வாட்ஸப் குழுக்கள் ஆகியவை அப்பணியைச் செய்கின்றன.

இக்குழுக்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதை நோயாளிகள் அறிவதில்லை. நாற்காலிக்கும் கம்ப்ரஸருக்கும் வாங்கிய கடன், நாள் முழுதும் குனிந்து நிற்பதால் வரும் கழுத்துவலி, ஒரு சிகிச்சை எதிர்பார்த்தபடி அமையாதபோது இரவெல்லாம் உறுத்தும் மனம் ஆகியவற்றைச் சக மருத்துவரிடம் மட்டுமே பேச இயலும். பேச ஆளில்லாதவர் நாளடைவில் சிக்கலான நோயாளிகளைத் தவிர்க்கத் தொடங்குகிறார். அல்லது கேட்காமலே துணிந்து செய்துவிடுகிறார். இரண்டுமே நமக்கு இழப்பு. கேட்கும் மருத்துவரை விடக் கேட்கவே கேட்காத மருத்துவரைப் பற்றியே நாம் கவலைகொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எனினும் உங்கள் படம் உங்களுடையது. கருத்துக் கேட்பதற்கு வயது, நோய், மருந்துகள், எக்ஸ்ரே ஆகியவை போதும். பெயரும் முகமும் ஊரும் தேவையில்லை. 2014-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் நெறிமுறை விதிகளின்படி நோயாளியின் இரகசியம் காப்பது மருத்துவரின் கடமை. படமெடுக்கும் முன் உங்கள் இசைவைக் கேட்பார், கேட்காவிடில், "இதை யாருக்கு அனுப்புகிறீர்கள், என் பெயர் அதில் இருக்குமா?" என்று நீங்கள் தாராளமாக வினவலாம். மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் சிகிச்சை மறுக்கப்படாது. விளம்பரத்திற்காகப் படம் பயன்படுத்துவது முற்றிலும் வேறு. அதற்குத் தனியே எழுத்து வடிவ இசைவு வேண்டும்.

படத்தின் எல்லையையும் மறவாதீர். புண்ணின் அடிப்பகுதி கல்போல் இறுகியிருக்கிறதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்பதைத் தொட்டுத்தான் அறிய இயலும். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தாலன்றிப் புற்று உறுதிப்படாது. ஆகையால் கலந்தாலோசித்த பின்னும் "மதுரைக்கோ, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள்" என்று மருத்துவர் சொன்னால், ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போட வேண்டா. 2023 ஜூன் முதல் போடியிலிருந்து மதுரைக்கு மீண்டும் இரயிலும் ஓடுகிறது. பரிந்துரைச் சீட்டில் யாரைக் காண வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டால் அங்கே அலைச்சல் குறையும்.

சில நிலைகளில் எவரிடமும் கருத்துக் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. பல்வலியுடன் முகமோ கழுத்தோ வீங்குதல், காய்ச்சல், எச்சில் விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல், கண் மூடுமளவு வீக்கம் ஆகியவை தோன்றின் இரவாயினும் உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்ற நாட்களில் சிகிச்சைக்கு வரும்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையே பையில் போட்டு எடுத்து வாருங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்ற விளக்கம் தொலைவில் உள்ள வல்லுநருக்கு உதவாது. பழைய எக்ஸ்ரே, இதய அறுவைச் சீட்டு, கடைசி ஐ.என்.ஆர். முடிவு, சர்க்கரை அளவு, எந்த மருந்து ஒவ்வாது என்ற விவரம் ஆகியவையும் வேண்டும். பாக்கு, புகையிலைப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் முதியவர் இருப்பின், அவருடைய மருந்துகளை நன்கறிந்த மகளோ மருமகளோ பேரனோ உடன் வருவது நலம்.