கவறும் கணக்கும்

நளன் கதையை அறியாத தமிழ் மாணவர் அரியர். புகழேந்தியின் நளவெண்பாவும் அதிவீரராம பாண்டியரின் நைடதமும் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருவன. ஆயினும், நளன் சூதில் தோற்றதைப் பேசுகின்ற அளவுக்கு, அவன் சூதினைக் கற்றதைப் பேசுவார் இலர்.

நாடிழந்து, வாகுகன் என்னும் பெயர் பூண்டு, இருதுபன்ன மன்னனுக்குத் தேரோட்டியாய் இருந்த காலத்தில் அது நிகழ்ந்தது. வழியில் நின்ற தான்றி மரத்தைக் கண்ட அளவிலேயே அதன் இலையும் காயும் இத்துணை என்று மன்னன் கூறினான். இரு கிளைகளில் உள்ள காய்கள் 2,095 என்பது பாரதத்தில் அவன் சொல்லும் கணக்கு. நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தான், கணக்குப் பிழைக்கவில்லை. எண்ணும் திறமும் கவறாடும் திறமும் ஒரே கல்வியின் இரு பகுதிகள் என்பதை அறிந்து, தன் குதிரை நூலைக் கொடுத்து மன்னனின் கவறு நூலைப் பெற்றான். தான்றிக் கொட்டையே வடநாட்டின் பழங்காலக் கவறு என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. நிகழ்தகவு என்னும் கருத்தின் தோற்றத்தை ஆராய்ந்து இயான் ஹாக்கிங் 1975இல் வெளியிட்ட நூலில் இப்பகுதி எடுத்துக்காட்டப்படுகிறது. ஐரோப்பாவிலோ, பாஸ்கலும் பெர்மாவும் 1654இல் முடியாத ஆட்டத்தின் பணயத்தைப் பங்கிடுவது எவ்வாறு என்று கடிதம் எழுதிக்கொண்டதையே இக்கணக்கின் தொடக்கமாகக் கூறுவர்.

அக்கவறு இன்று கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வரும் ஓர் இளைஞன், அதில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தைப் புதிதாக ஆடத் தொடங்குகிறான் என்று கொள்வோம். அவன் தேறுவதற்கு என்ன கற்க வேண்டும்? எதிரியின் முகத்தைப் படிக்கும் கலை என்று பலர் கருதுவர். திரைக்குப் பின்னால் முகம் ஏது? இருதுபன்னன் கற்பித்ததைத்தான் கற்க வேண்டும்.

பெரும்பாலோர் ஆடும் முறையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லார்க்கும் பொதுவாக ஐந்து சீட்டு ஒவ்வொரு கட்டமாகத் திறக்கப்படும். இவ்வேழில் சிறந்த ஐந்தைக் கொண்டவன் வெல்வான். 52 சீட்டிலிருந்து இரண்டை எடுக்கும் வழிகள் 1,326. இரண்டும் ஆஸாக அமையும் வழிகள் ஆறே. அஃதாவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. கைக்கு வருவன பெரும்பாலும் பயனற்ற சீட்டுகளே என்பது இதனால் விளங்கும். புதியவன் செய்யும் முதற்பிழை, வந்த சீட்டையெல்லாம் ஆடுவது. நிறைந்த மேசையில் ஐந்துக்கு நான்கு முறை சீட்டைக் கவிழ்த்துவிட்டு வாளா இருப்பவனே தேறத் தொடங்கியவன். மற்றவர் பணம் வைத்த பின் தன் முறை வருமாறு அமைந்த இடம் நல்ல இடம். அங்கே சற்றுத் தாராளமாக ஆடலாம்.

அடுத்தது விலை பார்த்தல். இதனைப் புளியங்கொட்டை கொண்டு வகுப்பிலேயே விளக்கலாம். கையில் இரண்டு இஸ்பேட், திறந்த நான்கில் இரண்டு இஸ்பேட். இன்னும் ஒரு சீட்டுத் திறக்க வேண்டும். அது இஸ்பேடாயின் வெற்றி, அன்றேல் தோல்வி என்க. காணாத சீட்டு 46. அவற்றுள் இஸ்பேட் 9. நடுவில் 80 கொட்டை இருக்க, எதிரி 20 வைக்கிறான். நாமும் 20 வைத்தால், 46 முறைக்கு 9 முறை 100 வீதம் 900 வரும். 37 முறை 20 வீதம் 740 போகும். வைக்கலாம். எதிரி 80 வைத்தாலோ, வருவது 1,440, போவது 2,960. கவிழ்த்துவிட வேண்டும். சீட்டு ஒன்றுதான், விலை மாறியதால் விடை மாறிற்று. இது புரியாதவன் எத்தனை ஆண்டு ஆடினும் புதியவனே.

இணையத்தில் வேறொரு கணக்கும் உண்டு. ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒவ்வொரு பணயத்திலும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். ஒத்த திறமுடைய அறுவர் ஆளுக்கு 100 கொட்டையுடன் அமர, ஆட்டத்துக்கு 2 கொட்டை நிறுவனத்துக்குப் போகிறது என்று கொள்க. 300 ஆட்டத்தில் 600 கொட்டையும் போய்விடும். அறுவரில் வென்றவன் ஒருவனும் இரான். மேசையில் மணிக்கு 30 ஆட்டம் எனின் அதற்குப் பத்து மணி நேரம் செல்லும். சீட்டுக் கலைக்கும் வேலையில்லாத கைத்தொலைபேசியில் 60 ஆட்டம் ஆடி ஐந்து மணியில் முடித்துவிடலாம்! ஆகவே பிறரைவிடச் சிறிது நன்றாக ஆடுவது போதாது. அப்பங்கையும் ஈடுசெய்யும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். நன்றாக ஆடுபவனும் பல நாள் தொடர்ந்து தோற்பதுண்டு. அதனால்தான் கையிருப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோகலாகாது என்பர் பழகியோர்.

திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூது என்னும் அதிகாரம் நிற்கிறது. அதன் முதற்குறள் தோல்வியை அன்று, வெற்றியை அஞ்சுகிறது. தூண்டிலை விழுங்கிய மீனை அங்கே உவமையாகக் காண்கிறோம். தொடங்கிய வாரத்தில் தற்செயலாக வென்ற இளைஞனின் நிலை அதுவே. தன் திறமை என்று அவன் எண்ணுவது சீட்டு விழுந்த விதம். பத்தாம் குறளோ, இழக்குந்தோறும் பெருகும் விருப்பத்தையே உயிர்க்கு உவமையாக்குகிறது. தோற்றதை மீட்கப் பணயத்தை இரட்டிப்பவனிடம் மேற்சொன்ன கணக்கு எதுவும் நில்லாது. 46இல் 9 என்பதை நன்கறிந்தவனும் அந்நேரம் பத்தாவது இஸ்பேடை எதிர்பார்ப்பான்.

போக்கர் திறமையா, தற்செயலா என்னும் வழக்கு நீதிமன்றம் வரை சென்றதே. தமிழ்நாட்டு அரசு 2021இல் பணம் வைத்தாடும் இணைய ரம்மியையும் போக்கரையும் தடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத் திருத்தத்தை நீக்கியது. பின்வந்த சட்டத்தை ஆராய்ந்து, இரண்டும் திறமை சார்ந்தனவே என்று 2023 நவம்பரில் அம்மன்றம் கூறிற்று. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, அவ்வேறுபாட்டையே பாராமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் விலக்கியது. மலேசியாவில் பொதுச் சூதாட்ட விடுதிகளைத் தடுக்கும் சட்டம் 1953ஆம் ஆண்டினது. 1969இல் உரிமம் பெற்ற கெந்திங் மலை விடுதி அதற்கு விலக்கு. மாக் மண்டின் இளைஞன் கற்க விரும்பினால் புளியங்கொட்டை போதும், கணக்கு ஒன்றே.

நளன் கவறு நூலைக் கற்ற அப்பொழுதே, அவனைப் பிடித்திருந்த கலி உடலை விட்டு வெளியேறி, அந்தத் தான்றி மரத்திலேயே புகுந்துகொண்டது என்று பாரதம் கூறும். பின்னர் அவன் நாடு திரும்பிப் புட்கரனை ஆட்டத்துக்கு அழைத்தான். இருபதில் ஒரு பங்கு என்னும் விதியை அவன் அங்கே பேணவில்லை என்பது உண்மையே. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வைத்தான். வென்றபின் புட்கரனுக்கு உரிய பங்கைக் கொடுத்து, அவனை அவன் ஊருக்கு அனுப்பிவைத்தான்.