கை கால்களைத் தாங்கும் எலும்புகள்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் 206 எலும்புகள் உண்டு. அவற்றில் 126, கை கால்களையும் அவற்றை உடம்போடு பொருத்தும் தோள் வளையம், இடுப்பு வளையம் ஆகியவற்றையும் சேர்ந்தவை.

தோளின் முன்பக்கம் காறை எலும்பு, பின்பக்கம் தோள்பட்டை எலும்பு. காறை எலும்பு மட்டுமே நெஞ்செலும்போடு மூட்டால் இணைகிறது. தோள்பட்டையை நெஞ்சுக்கூட்டோடு தசைகளே பிடித்து வைத்திருக்கின்றன. அதனால்தான் நாம் கையை நாலாபக்கமும் நீட்டிக் கொழுந்து பறிக்கிறோம். ஆனால், மலையில் வழுக்கித் தோள் அடிபட விழுந்தால் அந்த வேகம் காறை எலும்பில் இறங்கும். அது முறிந்து போகலாம். அப்போது கையை மடித்து, சேலைத் துணியால் கழுத்தோடு தொட்டில் போலக் கட்டி, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

இடுப்பு அப்படியல்ல. இரண்டு இடுப்பெலும்புகளும் முதுகுத்தண்டின் அடிப்பாகத்தோடு இறுகப் பொருந்தியிருக்கின்றன. மேலுடம்பின் பாரம் இவற்றின் வழியாகத்தான் தொடை எலும்புக்கு இறங்குகிறது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி வயது போகப் போகப் பலம் குறையும்.

லயத்து வாசலில் விழுந்த பாட்டிக்கு எழும்ப முடியவில்லை, ஒரு கால் கட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால், "சும்மா சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவுவோம்" என்று இருந்துவிடாதீர்கள். நடக்க வைக்கவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து, 1990க்கு கோல் எடுங்கள். இலவச சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

நாள் கடத்தினால் படுக்கைப் புண்ணும் நுரையீரல் காய்ச்சலும் உயிருக்கே ஆபத்தாகலாம். விழுந்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், பாட்டி மறுபடி நடமாட வழியுண்டு.