வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற மின்பற்றவைப்புப் பொறி

பொற்கொல்லர் இரு துண்டுகளை இணைக்க இடையே உருக்கி இடும் உலோகக் கலவைக்குப் பற்றாசு என்பது பெயர். அங்கு இடுபொருள் மட்டுமே உருகும். மின்பற்றவைப்பிலோ, மின்வில்லின் வெப்பத்தால் இரும்பின் விளிம்புகளும் உருகி ஒன்றாகின்றன. இதற்கு மின்னாற்றல் மிகுதியாக வேண்டும். ஆதலின் வீட்டில் சிறு பட்டறை அமைப்போர் பொறியைத் தேடுமுன் தம் வீட்டின் மின்னிணைப்பை அறிந்துகொள்ளல் வேண்டும்.

மலேசிய வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். வழக்கமான செருகி தாங்குவது 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 வாட். 100 ஆம்பியரில் பற்றவைக்கும்போது மின்வில்லின் அழுத்தம் சுமார் 24 வோல்ட். அதற்கே 2,400 வாட் செலவாகும். பொறிக்குள் நேரும் இழப்பையும் கூட்டினால் செருகியின் எல்லை நிரம்பிவிடும். பெட்டியின்மேல் 200 ஆம்பியர் என அச்சிட்டிருப்பினும் அச்செருகியில் அதனைப் பெறுதல் இயலாது. எல்லை கடந்து இழுக்கும்போது உருகி உடனே அறுபடாமல் செருகி சூடேறிக் கருகவும் கூடும். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் மேல்தளமும் படிக்கட்டும் மரத்தாலானவை. அங்கு இது பேரிடராகும். மிகுதியான மின்னோட்டம் வேண்டுவோர் பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி இணைப்பு அமைத்துக்கொள்க.

வீட்டுப் பணிகள் பலவற்றுக்கு அது தேவைப்படாது. சன்னல் கம்பி, வாயிற்கதவு, பூந்தொட்டித் தாங்கி ஆகியவற்றின் இரும்பு பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்கு மேற்படாது. அதற்கு 2.6 மில்லிமீட்டர் வெல்டிங் குச்சியும் 60 முதல் 90 ஆம்பியரும் போதும். மின்மாற்றி வகையினும் இன்வெர்ட்டர் வகை எடை குறைந்தது. மின்வில்லையும் சீராகக் காக்கும்.

அடுத்து நோக்கத்தக்கது பணிவிகிதம். 100 ஆம்பியரில் 60 விழுக்காடு எனில், 10 நிமிடத்தில் 6 நிமிடம் பற்றவைத்து 4 நிமிடம் பொறியை ஆறவிடல் வேண்டும். நம் வெப்பநிலையில் அந்த ஓய்வைக் குறைத்தல் ஆகாது.

வளிமக் காப்புடன் கம்பி ஊட்டும் பொறி மெல்லிய தகடுகளுக்கு ஏற்றது. ஆனால் ஐந்தடி நடைபாதையிலோ முற்றத்திலோ கடற்காற்று அவ்வளிமத்தைக் கலைத்துவிடும். பற்றவைப்பில் துளைகள் தோன்றும். குச்சியின் மேற்பூச்சோ எரிந்து தானே காப்பளிக்கும். திறந்த வெளியில் பணிபுரிவோர்க்குக் குச்சிப் பொறியே தக்கது. பினாங்கின் ஈரம் குச்சிகளைக் கெடுக்குமாதலால் அவற்றை மூடிய கலத்தில் வைத்தல் நன்று.

துத்தநாகம் பூசிய குழாய்களைப் பற்றவைக்கும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சை நீக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் பணிபுரிக. முகக்கவசம், தோல் கையுறை ஆகியவற்றின் விலையையும் பொறியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுக.